இரவில் பாலங்களைப் படமெடுக்க: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரவில் பாலத்தையும் ஆற்றங்கரையையும் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேமராவைப் பற்றியே கேட்கிறார்கள். எந்த லென்ஸ், எவ்வளவு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்), எத்தனை விநாடி? அவற்றையெல்லாம் ஒரே மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம். என்னை அலைக்கழித்தவை வேறு: யாரிடம் அனுமதி கேட்பது, எந்தக் கரையில் நிற்பது, விளக்கு எப்போது எரியும், தண்ணீர் எப்போது ஏறும். வானத்தில் நீலம் தங்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் காவலரோடு வாதாடிக்கொண்டோ பையைத் துழாவிக்கொண்டோ இருந்தால் அன்றைய படம் போனதுதான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த அரை மணி நேரத்தைக் காப்பாற்றுவதற்காகவே.

1. நிற்கப்போகும் இடம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

பாலத்துக்கு ஒரே உரிமையாளர் இருப்பதில்லை. மேலே ஓடும் சாலை ஒரு துறையுடையது, அடியில் போகும் தண்ணீர் இன்னொரு துறையுடையது, கரையோர நடைபாதை மாநகராட்சியுடையது, படகுத்துறை வேறொருவருடையது. இதில் அதிகம் ஏமாற்றுவது கரையோரக் கட்டடங்களுக்கு முன்னால் இருக்கும் அகலமான நடைபாதை. பொதுமக்கள் உலவுவார்கள், பெஞ்சுகள் இருக்கும், குழந்தைகள் விளையாடும். ஆனாலும் அது தனியார் நிலமாக இருக்கக்கூடும். கையில் கேமரா பிடித்து எடுக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். டிரைபாடை விரித்ததும் காவலர் வந்துவிடுவார். அவர் கண்ணில் டிரைபாட் என்றாலே தொழில்முறைப் படப்பிடிப்பு.

எனவே “இங்கே படமெடுக்கலாமா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்கு “தாராளமாக” என்ற பதில் வரும். அந்தப் பதில் இரவில் உதவாது. “ஒரே ஆள், ஒரு டிரைபாட், கூடுதல் விளக்குகள் இல்லை, விற்பனைக்கு அல்ல, சூரியன் மறைந்த பிறகு” என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் வரும் பதில்தான் பதில். தனியார் நடைபாதையில் மறுத்துவிட்டால் வரைபடத்தைப் பாருங்கள். சற்றுத் தள்ளிப் பொதுப் பாதை தொடங்கியிருக்கலாம், கோணம் ஏறக்குறைய அதேதான் கிடைக்கும்.

ரயில் பாலம், அணை, மதகு, துறைமுகம், கடற்படைத் தளம் ஆகியவற்றின் கதையே தனி. இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டப்படி, ரயில்பாதை, சாலை, நீர்வழி ஆகியவற்றையும் அவற்றைச் சேர்ந்த கட்டுமானங்களையும் அரசு தடைசெய்யப்பட்ட இடமாக அறிவிக்க முடியும். வேறு பல நாடுகளிலும் பாலங்கள் பாதுகாப்புக்குரிய இடங்களாகவே பார்க்கப்படுகின்றன. எச்சரிக்கைப் பலகை இருந்தால் அங்கே கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

2. தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

அனுமதி தேவைப்படும் இடங்களில் கேட்கப்படுபவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்:

- அடையாள அட்டையின் நகல்
- நிற்கப்போகும் இடத்தைக் குறித்த வரைபடம்
- தேதியும் நேரமும்
- கருவிகளின் பட்டியல், வரிசை எண்களுடன்
- படங்களை எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்ற ஒரு வரி
- வணிகப் பயன்பாடு என்றால் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ்

ஒரே ஒரு தேதியைக் கேட்காதீர்கள். மழை வந்தால் எல்லாம் வீண். “இந்த வாரத்தில் ஏதேனும் ஒரு மாலை” என்று கேளுங்கள். ஏற்க மறுத்தால் மாற்றுத் தேதி ஒன்றையாவது சேர்த்து வாங்குங்கள். நேரத்தைச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து இரண்டு மணி நேரம் பின்புவரை என்று கடிகார எண்களிலேயே எழுதுங்கள்.

கடிதம் கைக்கு வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். என் கடிதம் ஒன்றில் “புகைப்படம் எடுக்க அனுமதிக்கப்படுகிறது” என்று மட்டும் இருந்தது. டிரைபாட் பற்றி ஒரு சொல் இல்லை, நேரமும் இல்லை. இரவுக் காவலர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “எடுங்கள், ஆனால் இதை மடக்கிவிடுங்கள்” என்றார். அவர் செய்தது தவறில்லை. தாளில் இல்லாததை அவர் எப்படி அனுமதிப்பார்? அந்த நேரத்தில் அலுவலகமும் பூட்டிக் கிடந்தது. ஆகவே கடிதத்தில் டிரைபாட், இடத்தின் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரவுப் பணியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அச்சுப் பிரதி இரண்டு. ஒன்றைக் காவலரே வைத்துக்கொள்வார்.

இன்னொரு பொறி: கரையோரப் பூங்காக்கள் பல அந்தி சாய்ந்ததும் பூட்டப்படுகின்றன. படமெடுக்க அனுமதி என்பது கதவு திறந்திருக்கும் என்பதற்கு உறுதி ஆகாது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்வதானால் கருவிகளின் ரசீது நகல்கள் கையோடு இருக்கட்டும். திரும்பி வரும்போது சுங்கத்தில் உதவும். தொழில்முறைக் கருவிகளைப் பெருமளவில் கொண்டுபோகிறவர்களுக்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற தற்காலிக இறக்குமதி ஆவணம் இருக்கிறது. அதை ஏற்கும் நாடுகளில் வரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம்.

படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் பதிப்புரிமையையும் பாருங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், கட்டடக்கலைப் படைப்பைப் படமெடுத்து வெளியிடுவதை மீறலாகக் கருதுவதில்லை. பிரான்சில் 2016இல் வந்த விலக்கு தனிநபரின் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே. ஈஃபில் கோபுரம் இதற்கு நல்ல உதாரணம். கோபுரத்தின் வடிவத்துக்கு இன்று பதிப்புரிமை இல்லை. இரவு விளக்கு அமைப்புக்கு இருப்பதாக அதை நிர்வகிக்கும் நிறுவனம் சொல்கிறது, வணிகப் பயன்பாட்டுக்கு முன்அனுமதி கேட்கிறது. ஒளியமைப்பாளர் ஒருவர் வடிவமைத்த அலங்கார விளக்குகள் கொண்ட எந்தப் பாலத்திலும் இதே கேள்வி எழலாம்.

ட்ரோனுக்கு இந்தத் தாள்கள் எதுவும் செல்லாது. இரவுப் பறப்பு, ஆட்கள் மேல் பறப்பது, பாலத்துக்கு அருகில் பறப்பது என்று ஒவ்வொன்றுக்கும் விமானப் போக்குவரத்துத் துறையின் விதிகள் தனி. புதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

3. பணத்தை எதில் போடுவது

முதலில் டிரைபாட். கையில் பழைய கேமராவும் சாதாரண லென்ஸும் இருந்தாலும் உறுதியான டிரைபாட் இருந்தால் நல்ல இரவுப் படம் கிடைக்கும். விலையுயர்ந்த கேமரா ஆடும் கால்களில் நின்றால் கிடைக்காது. அகலத் துளை கொண்ட லென்ஸ் வாங்கச் சொல்லி நிறையப் பேர் அறிவுரை கூறுவார்கள். இந்த வேலைக்கு அது தேவையில்லை, எப்படியும் துளையைச் சுருக்கி எஃப்/8இல்தான் எடுக்கப்போகிறீர்கள்.

அடுத்து, கூடுதல் பேட்டரி. அதற்கடுத்து, இரவில் வீடு திரும்பும் செலவு. கடைசிப் பஸ் போய்விடும் என்ற பதற்றத்தில் எடுத்த படங்களில் அந்தப் பதற்றம் தெரியும். அனுமதிக் கட்டணம் இருந்தால், மழை பெய்தால் தேதி மாற்றலாமா, பணம் திரும்புமா என்று கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

4. நேரத்தைக் கணக்கிடுங்கள்

இதில்தான் படத்தின் பாதி இருக்கிறது.

முழு இருட்டில் வானம் கறுப்பாகிவிடும். பாலத்தின் கம்பிகளும் கோபுரங்களும் அந்தக் கறுப்பில் கரைந்துபோகும், விளக்குகள் மட்டும் புள்ளிகளாக மிஞ்சும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே ஏறக்குறைய 4 முதல் 8 டிகிரி வரை இறங்கும்போதுதான் வானத்தின் ஒளியும் விளக்கின் ஒளியும் சமமாக நிற்கும். 6 டிகிரியில் குடிமை அந்தி என்று வானியலில் சொல்லப்படும் பொழுது முடிகிறது. இந்த நேரங்களைத் தேதிவாரியாகக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் எல்லாம் வேகமாக முடிந்துவிடும். சூரியன் மறைந்து இருபது நிமிடம் கடந்ததும் குடிமை அந்தி முடிந்துவிடுகிறது. வடக்கே போகப் போக அது நீளும். கோடையில் சில ஊர்களில் இரவு முழுவதும் முடிவதே இல்லை. வெளிநாட்டுக்காரர் எழுதிய குறிப்பில் “ஒரு மணி நேரம் கிடைக்கும்” என்று இருந்தால் அதை நம்பித் தாமதமாகப் போகாதீர்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிரைபாட் நின்றிருக்க வேண்டும்.

பாலத்தின் அலங்கார விளக்குகளுக்குத் தனி அட்டவணை உண்டு. தெருவிளக்கோடு சேர்ந்து அவை எரிவதில்லை. சில பாலங்களில் நள்ளிரவுக்கு முன்பே அணைத்துவிடுவார்கள், சில இடங்களில் விசேஷ நாட்களில் மட்டும் நிறம் மாறும். விடியலுக்கு முன்பும் இதே நீலம் வரும், காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும், ஆளும் இருக்காது. ஆனால் அலங்கார விளக்குகள் அப்போது அணைந்திருக்கக்கூடும், விசாரித்துவிட்டுப் போங்கள். பழுதுபார்ப்புச் சாரம் கட்டியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஒரு தூணைச் சுற்றிய பச்சை வலையை எந்த மென்பொருளாலும் அழகாக அகற்ற முடியாது. திறந்து மூடும் பாலம் என்றால் அதற்கும் நேரப்பட்டியல் இருக்கும். லண்டனின் டவர் பாலம் எந்த நாளில், எந்த நேரத்தில் தூக்கப்படும் என்பதை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நேவா நதிப் பாலங்கள் கப்பல் போக்குவரத்துக் காலத்தில் இரவில் தூக்கப்படுகின்றன. தவறான கரையில் நின்றவர் மறுகரையில் இருக்கும் விடுதிக்குப் போகக் காத்திருக்க வேண்டியதுதான்.

கடலுக்கு அருகிலுள்ள ஆறு என்றால் ஓத அட்டவணையையும், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களையும் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் இரண்டு ஏற்றங்களுக்கு இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம்; ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் வடிந்த நேரத்தில் போனால் பிரதிபலிப்பு இருக்கவேண்டிய இடத்தில் சேறு இருக்கும். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடைவெளியில் நீரோட்டம் தளர்ந்து, விளக்குகளின் பிம்பம் தெளிவாக விழும்.

நிலவும் வேண்டுமென்றால் பௌர்ணமியன்றோ அதற்கு முந்தைய நாளோ போங்கள். பௌர்ணமியன்று நிலவு ஏறத்தாழச் சூரியன் மறையும் நேரத்தில் எழும், முந்தைய நாள் சற்று முன்னதாகவே எழுந்துவிடும். மறுநாள் போனால் வானம் இருண்ட பிறகுதான் வரும், படத்தில் வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் நிற்கும்.

5. பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள்

எங்கே கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறது, எந்த மரக்கிளை குறுக்கே வரும், எந்தத் தெருவிளக்கு நேராக லென்ஸில் விழும் என்பதெல்லாம் பகலில்தான் புரியும். பாலத்தைப் பக்கவாட்டில் நேராக எடுப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் கோணம். கரையோரமாக நடந்து, பாலம் சாய்வாக உள்ளே போகும் கோணத்தையும் பாருங்கள். நகரம் பின்னணியில் வந்து சேரும். தேர்ந்தெடுத்த இடத்தில் செல்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் இருப்பிடமும் பதிவாகிவிடும்.

6. டிரைபாடை நிறுத்தும் முறை

நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். காற்றடித்தால் பையைக் கொக்கியில் தொங்கவிடச் சொல்வார்கள். அது காற்றில் ஊஞ்சலாடினால் நிலைமை இன்னும் மோசம். பை தரையைத் தொட்டபடி இருக்கவேண்டும். கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிடுங்கள், அதுவும் காற்றில் படபடக்கும். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். சில புதிய லென்ஸ்கள் டிரைபாடைத் தாமாகவே உணரும், கையேட்டில் எழுதியிருப்பார்கள்.

பாலத்தின் மேலேயே நின்று எடுப்பதுதான் மிகக் கடினம். லாரி ஒன்று கடந்தால் தளம் முழுக்க அதிரும். அதிர்வு இரண்டு தூண்களுக்கும் நடுவே அதிகம், தூணுக்கு மேலே குறைவு. எனவே தூண் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். ஒரே 20 விநாடிப் படத்துக்குப் பதிலாக ஐஎஸ்ஓவை ஏற்றி, வாகன இடைவெளிகளில் இரண்டிரண்டு விநாடிகளாகப் பல படங்கள் எடுத்துப் பின்னர் ஒன்றிணைக்கலாம்.

7. கேமராவில் வைக்கவேண்டியவை

ரா கோப்பு (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்கித் திருத்தாமல் வைக்கும் கோப்பு), எல்லா அளவுகளையும் நீங்களே வைக்கும் மேனுவல் முறை, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, இரண்டு விநாடி டைமர். இவற்றில் தொடங்குங்கள். நீலம் தொடங்கும் நேரத்தில் ஒன்றிரண்டு விநாடி போதும். ஒளி சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகும் என்பதால் விநாடிகளை ஏற்றிக்கொண்டே போகவேண்டும். இருட்டியபின் 15 முதல் 30 விநாடி வரை போகும்.

கோணத்தைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் 30 விநாடி காத்திருக்க வேண்டாம். ஐஎஸ்ஓ 6400இல் அரை விநாடி எடுத்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஐஎஸ்ஓ 100இல் அதைப்போல் 64 மடங்கு, அதாவது 32 விநாடி. 30 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபோகஸை ஆட்டோவில் விட்டுவைக்காதீர்கள். திரையில் பெரிதாக்கி, தொலைவிலுள்ள விளக்கின் விளிம்பிலோ கம்பியின் விளிம்பிலோ கூர்மையாக்கி, பிறகு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்ப முடியாது.

கேமராத் திரை இருட்டில் எல்லாப் படத்தையும் பளிச்சென்று காட்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் மங்கல். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். விளக்குகள் வெளுப்பதை முழுவதும் தவிர்க்க முடியாது. பாலத்தின் ஒளிபட்ட கற்களும் இரும்பும் வெளுக்காமல் இருந்தால் போதும். சந்தேகமாக இருந்தால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது).

நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்த படத்தில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் “நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு” என்ற வசதியை அணைத்துவிடுங்கள். 30 விநாடிப் படத்துக்குப் பின் இன்னொரு 30 விநாடி கேமரா உங்களைக் காத்திருக்க வைக்கும். நீல நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

செல்பேசியில் எடுக்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: அதையும் டிரைபாடில் பொருத்துங்கள். ஐபோன் உட்பட்ட சில செல்பேசிகளின் இரவு முறை, அசைவில்லாமல் நிற்பதை உணர்ந்து 30 விநாடி வரைகூட ஒளியைச் சேர்க்கும்.

8. விளக்குகள் செய்யும் வேலைகள்

லென்ஸ் முன்னால் பாதுகாப்புக்காக மாட்டிய யூவி கண்ணாடியைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் தலைகீழாக ஒரு பச்சைப் பேய் படத்தில் மிதக்கும்.

விளக்குகள் நட்சத்திரங்களாக விரியவேண்டுமென்றால் எஃப்/11 முதல் எஃப்/16 வரை. துளையின் இதழ்கள் ஒற்றைப்படையானால் கதிர்கள் இரட்டிப்பாகும்: 7 இதழுக்கு 14 கதிர், 9 இதழுக்கு 18. இரட்டைப்படையானால் இதழ் எத்தனையோ கதிரும் அத்தனைதான். எஃப்/16க்கு மேல் போனால் படம் முழுவதும் மென்மையாகிவிடும்.

பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சளை, நிறச்சாயலைச் சரிசெய்யும் கேமராவின் ஒயிட் பேலன்ஸால் முழுமையாகப் போக்க முடிவதில்லை. அவற்றின் நிறவெப்பம் 2000 கெல்வினை ஒட்டியது. பல கேமராக்கள் 2500க்குக் கீழே இறங்காது. ராவில் எடுத்தால் பிறகு இறக்கிக்கொள்ளலாம். குறையழுத்தச் சோடியம் என்றால் அதுவும் உதவாது. அது 589 நானோமீட்டர் அருகே ஒரே மஞ்சளை மட்டும் உமிழ்வதால், வேறு நிறம் படத்தில் இருக்கவே இருக்காது. அங்கே கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள், கவலை தீர்ந்தது.

நிறம் மாறும் எல்.இ.டி. பாலங்களில் நீண்ட எக்ஸ்போஷர் எல்லா நிறங்களையும் கலந்து வெளிறிய ஒன்றாக்கிவிடும். ஒரு நிறம் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்குள் முடியும்படி ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். மின்னணு ஷட்டரில் குறைந்த நேரப் படம் எடுத்தால் எல்.இ.டி. துடிப்பு கோடுகோடாக விழலாம். இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள்.

நங்கூரமிட்ட படகுகள் நிற்பதுபோல் தோன்றும், ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும். அவை படத்தில் இருந்தால் ஒரு விநாடிக்குள் ஒரு படம் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நிலவும் அசையும். ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவு நகர்ந்துவிடும் என்பதால், தொலைநோக்கு லென்ஸில் பத்து விநாடி வைத்தால் நீள்வட்டமாகிவிடும்.

9. பாதுகாப்பு

துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது. நீங்கள் திரையைப் பார்க்கும்போது பையைப் பார்க்க ஆள் வேண்டும். பையின் வாரை டிரைபாடின் காலில் மாட்டிவிடுங்கள். ஓதம் ஏறும் ஆற்றில் படித்துறையின் கீழ்ப்படியில் நிற்காதீர்கள். பாசி படிந்த படி பகலில் வழுக்குவதைவிட இரவில் அதிகம் வழுக்கும், காரணம் உங்கள் கண் திரையில் இருக்கும். தலைவிளக்கு சிவப்பு ஒளி தருவதாக இருந்தால் கண்ணும் கூசாது, பக்கத்தில் எடுக்கிறவரின் படமும் கெடாது. நடைபாதையை மறித்து நிற்பது எந்த அனுமதியிலும் அடங்காது.

10. திரும்பி வந்த பிறகு

நிழல்களை அளவுக்கு மீறித் தூக்காதீர்கள். இரவுப் படத்தில் கொஞ்சம் இருள் இருக்கத்தான் வேண்டும். நீர்மட்டத்தையும் தூண்களின் செங்குத்தையும் நேராக்குங்கள். பாலம் ஒரு டிகிரி சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும்.

அனுமதிக் கடிதத்தை எறிந்துவிடாதீர்கள். விண்ணப்பம், வரைபடம், கருவிப் பட்டியல், கடிதம், ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அதே அலுவலகத்துக்கு மறுபடி எழுதும்போது பழைய அனுமதியின் எண்ணையும் தேதியையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்; முன்பு யார், எதற்கு, எந்த நிபந்தனையில் அனுமதித்தார்கள் என்று அவர்கள் தேடி எடுக்க அது போதும்.